அப்பா ஜீப்புக்குக் கூண்டு போட்ட காலம்

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், நம் பிள்ளைகள் ஜீப்பை எடுத்துக்கொண்டு சேற்றில் விளையாடக் கிளம்பிவிடுகிறார்கள். நம் காலத்தில் வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டால் அழுகையாக வரும். இவர்கள் வேண்டுமென்றே போய் மாட்டிக்கொண்டு படம் எடுத்துப் போடுகிறார்கள். சிரிக்காதீர்கள், உங்கள் வீட்டிலும் ஒருத்தன் இருப்பான். எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் போன வாரம் ஜீப்பின் கூரையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கறுப்புக் குழாய்களால் ஒரு கூண்டு மாட்டிக்கொண்டு வந்தான். "ரோல் கேஜ் ஆன்ட்டி. வண்டி உருண்டாலும் தலைக்கு ஒண்ணும் ஆகாது லா" என்று தட்டிக் காட்டினான். சுங்கைப் பட்டாணியில் ஒரு பட்டறையில் பாதி நாள் வேலையாம். நல்லா இருக்குப்பா என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அணைக்கத் தோன்றவில்லை. எங்கள் அப்பாவுக்கு அந்த வேலை ஒரு மழைக்காலம் முழுக்க இழுத்தது.

அப்போது நாங்கள் கரங்கான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தின் எல்லையை ஒட்டிய பலகை வீட்டில் இருந்தோம். எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஐந்து. எதிரே தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், லயம். பின்னால் மலை ஏறுகிற மண்பாதை. மேலே கம்பத்துக் கிராமத்து மலாய்க்காரர்களின் டுரியான் பழத் தோப்புகள் இருந்தன. அங்கே விளைந்த டுரியானையும் பெத்தாய் அவரையையும் வாழைத்தாரையும் இறக்கிக்கொண்டு வந்து பாடாங் செராய் பாசாரில் சந்தைக்காரர்களிடம் சேர்ப்பதுதான் அப்பாவின் தொழில். அதற்கு அவரிடம் ஒரு பழைய பட்டாளத்து ஜீப் இருந்தது. வாங்கும்போதே கூரை கிடையாது. மழை பெய்தால் நனைவோம், வெயில் அடித்தால் காய்வோம். அந்த வண்டியின் இருக்கையில் ஏறியிருந்த டுரியான் வாடை எத்தனை முறை கழுவினாலும் போகாது. பள்ளிக்கூடத்தில் என் சட்டையை முகர்ந்து பார்த்தே நான் யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடுவார்கள்.

அம்மாவும் கூடவே மலைக்குப் போவார். தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, முன்கண்ணாடிச் சட்டத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "மெதுவா போங்க, மெதுவா போங்க" என்று வழி நெடுகத் திட்டிக்கொண்டே போவார். அப்பாவும் "சரி மகாராணி" என்று சொல்லிக்கொண்டே அதே வேகத்தில் ஓட்டுவார். இரண்டு பேருக்கும் அது ஒரு விளையாட்டு.

டுரியான் பருவத்தில் ஒரு நாள், விடிய விடியப் பெய்த மழைக்கு மறுநாள் காலை, பாரத்தோடு இறங்கும்போது பாதையின் ஓரம் சரிந்தது. அப்பாவை வண்டி வெளியே வீசிவிட்டது. முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். வண்டி கவிழ்ந்ததில் அம்மா அடியில் மாட்டிக்கொண்டார். அன்று நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தோம். வந்து கூட்டிப்போன எதிர் லயத்து அக்கா வழியில் எங்களுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். ஏன் என்று கேட்காமல் தின்றுகொண்டே வந்தோம்.

துக்கத்துக்கு வந்தவர்களில் பாடாங் செராய் பட்டறை முதலாளி, சீனத் தவுக்கேயும் ஒருவர். ஜீப்பை எப்போதும் அவர்தான் பழுதுபார்ப்பார். மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றி வைத்துவிட்டு, வாசலில் நசுங்கிக் கிடந்த வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு அப்பாவிடம் வந்து, "கலாவ் அடா பெசி டி அத்தாஸ், தாக் மாத்தி" என்றார். மேலே இரும்பு இருந்திருந்தால் செத்திருக்க மாட்டார் என்று அர்த்தம். ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துத்தான் சொல்லியிருப்பார். அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு யார் வந்து என்ன சொன்னாலும் அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மாமா பேச்சை எடுத்தார். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். சுங்கைப் பட்டாணியில் மளிகைக் கடை வைத்திருந்தார், பிள்ளைகள் கிடையாது. தங்கையை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர். அன்று அவர் கண்கள் இரண்டும் வீங்கியிருந்தன.

"மாப்ள, நான் உங்கள ஒண்ணும் குத்தம் சொல்லல. ஆனா இனிமே மலைக்குப் போனா இதுங்க ரெண்டையும் யார்கிட்ட விடுவீங்க?"

"கூட கூட்டிட்டுதான் போவணும் மச்சான். வேற யாரு இருக்கா?"

"அந்த ஜீப்லயா?" என்றார் மாமா. "வேணாம் மாப்ள. ஜீப்ப வித்துடுங்க. இல்லாட்டி புள்ளைங்கள எங்கூட அனுப்புங்க."

ஆள் செத்த வண்டியை அந்த வட்டாரத்தில் எவனும் வாங்க மாட்டான். மாமாவுக்கும் அது தெரியும். அப்பா சொன்னார்:

"மேல கூண்டு போடப்போறேன் மச்சான். கவுந்தாலும் உள்ள இருக்கிறவங்களுக்கு ஒண்ணும் ஆகாத மாதிரி. முடிச்சதும் ஆள் அனுப்புறேன், வந்து பாருங்க. பாத்துட்டு, அப்பவும் உங்களுக்குப் பயமா இருந்தா நானே புள்ளைங்கள அனுப்பி வச்சிடுறேன். இது எம்பேச்சு."

மாமா ஒத்துக்கொண்டார்.

மறுநாளே அப்பா பெசி புரோக் கடைக்குப் போனார். பழைய இரும்புக் கடையை நம் பக்கம் அப்படித்தானே சொல்வோம். செம்பனை எண்ணெய் ஆலையில் கழித்துப் போட்ட கொதிகலன் குழாய்களைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து முற்றத்தில் போட்டார். தண்ணீர்க் குழாயில் ஒட்டு இருக்கும், அடிபட்டால் பிளந்துகொள்ளும், இதில் ஒட்டே கிடையாது என்று எங்களிடம் விளக்கினார். பெரியவர்களிடம் சொன்னால் யாரும் கேட்பதில்லை, அதனால் எங்களிடம் சொன்னார். தம்பி ஒரு குழாயின் முனையில் வாயை வைத்து ஊதிக்கொண்டிருந்தான்.

குழாயை வளைப்பது லேசுப்பட்ட வேலையில்லை. அப்படியே வளைத்தால் நடுவில் நசுங்கிவிடும். உள்ளே மணலை இறுக்கித் திணித்து, இரண்டு முனையிலும் கட்டையை அடித்து அடைத்து, பழுக்கக் காய்ச்சித்தான் வளைக்க வேண்டும். மணலில் ஒரு பொட்டு ஈரம் இருந்தாலும் சூட்டில் அது ஆவியாகி, அடைத்த கட்டை பிய்த்துக்கொண்டு பறக்கும். முதல் குழாயில் அப்படித்தான் ஆனது. கட்டை போய் லயத்துக் கோழிக் கூண்டில் மோதி, கோழிகள் போட்ட சத்தத்தில் ஊரே கூடிவிட்டது.

அதற்குப் பிறகு அப்பா மணலை வறுக்கச் சொன்னார். தீபாவளிக்கு அம்மா முறுக்குச் சுடுகிற பெரிய குவாலிச் சட்டியை அடுப்பில் ஏற்றி, ஆற்று மணலைச் சலித்துக் கொட்டி, நானும் தம்பியும் அகப்பையால் கிளறுவோம். முதலில் சேற்று வாடை வரும். பிறகு ஆவி வரும். கடைசியில் எந்த வாடையும் இல்லாமல் வெறும் சூடு மட்டும் முகத்தில் அடிக்கும். அப்போதுதான் இறக்க வேண்டும். "வெந்துடுச்சாம்மா?" என்று அப்பா வாசலிலிருந்து கேட்பார். "வெந்துடுச்சுப்பா" என்போம். அம்மா போன பிறகு எங்கள் வீட்டில் முதன்முதலில் சிரிப்புச் சத்தம் கேட்டது அந்த மணலை வறுக்கும்போதுதான்.

அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் எதிர் லயத்து அக்கா எட்டிப் பார்த்திருக்கிறார். துக்க வீடு, அடுப்பில் செத்தவளின் குவாலி, அதில் மணல், கிளறுவது தாயில்லாப் பிள்ளைகள். அவர் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது. ஒரு வார்த்தை உள்ளே வந்து கேட்டிருக்கலாம், அவ்வளவுதான். "புத்தி பேதலிச்சிப் போச்சு, மண்ண வறுத்துக்கிட்டு இருக்காரு" என்ற பேச்சு லயம் முழுக்கப் போய், பேருந்தேறி, சுங்கைப் பட்டாணி மளிகைக் கடைவரைக்கும் போய்ச் சேர்ந்தது.

வளைப்பது பின்கட்டில் இருந்த பலாமரத்து அடிக்கட்டையைச் சுற்றி. குழாய் சிவந்ததும் அப்பா ஈரச் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு, உடம்பு முழுவதையும் கொடுத்து மெல்லச் சாய்வார். ஆறிய பிறகு இரும்பில் நீலமும் ஊதாவுமாக நிறங்கள் ஓடும். அவ்வளவு அழகான நிறத்தை நான் எந்தப் புடவையிலும் பார்த்ததில்லை. வளைத்த குழாய்களை எடுத்துக்கொண்டு ஞாயிறு தோறும் தவுக்கேயின் பட்டறைக்குப் போவோம். நசுங்கிய ஜீப்பும் பழுதுபார்க்க அங்கேதான் நின்றது. தவுக்கே தன் கையாலேயே பற்றவைத்து ஒட்டிக் கொடுத்தார். வேலை நடந்த நாளெல்லாம் அவர் அப்பாவின் முகத்தை நேராகப் பார்க்கவே இல்லை. தான் சொன்ன ஒரு சொல் இங்கே வந்து நிற்கிறது என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

உயரம் பார்ப்பதற்கு எங்களைத்தான் உட்கார வைத்தார். பின்னால் ஒரு பலகை போட்டு, லாரிக் கித்தான் பட்டையை வெட்டி இடுப்பில் கட்டிவிட்டு, "நிமிந்து உக்காருங்க, குதிச்சிப் பாருங்க" என்றார். தலைக்கு மேலே ஒரு சாண் விட்டுச் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டார். "இன்னும் வளருவீங்க" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு சாண் கூட்டினார். பிறகு முன்னால் வந்து, ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் மேல் வெறும் காற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கொஞ்சம் தாழ்த்தினார், கொஞ்சம் உயர்த்தினார். அது அம்மாவின் உயரம். அந்த இருக்கையில் உட்கார ஆள் இல்லை என்பதை அவருக்கு நினைவூட்ட எங்கள் யாருக்கும் மனம் வரவில்லை.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் கூண்டு நின்றது. ஆறு கால், எல்லாம் தரைத் தகட்டைத் துளைத்து அடிச்சட்டத்தோடு போல்ட்டு போட்டு முடுக்கியவை. பச்சைச் சாயம் பூசினார். மாமாவுக்கு ஆள் அனுப்பினார்.

மாமாவும் மாமியும் காரில் வந்தார்கள். தோட்டத்துக் கோயில் தலைவரும் கூட வந்தார், வயதானவர், எல்லார் வீட்டு நல்லது கெட்டதுக்கும் முன்னால் நிற்பவர். அப்பா அன்று சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டிருந்தார். மாமாவின் கையைப் பிடித்துக் கூண்டின் மேல் வைத்து, "ஆட்டிப் பாருங்க மச்சான்" என்றார். மாமா ஆட்டினார். கூண்டு அசையவில்லை, ஜீப்பே அசைந்தது. மாமா குனிந்து அடியில் பார்த்தார். பட்டையை இழுத்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க மாப்ள" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் மாமாவின் முகத்தில் பயம் இல்லை.

அப்போது கோயில் தலைவர் கேட்டார்: "வண்டிக்குப் பூச போட்டாச்சா?"

"துக்க வீடுங்க ஐயா. ஒரு வருஷம் கோயில் வாசப்படி மிதிக்கக்கூடாதே. எப்படிப் போடுறது?"

"அப்ப ஒரு வருஷத்துக்கு இதுல புள்ளைங்கள ஏத்தாதப்பா. ரத்தம் பட்ட வண்டி. பூச போட்டு, காய் ஒடச்சி, எலுமிச்சம்பழம் வச்சி எடுக்காம பச்சப்புள்ளைங்கள ஏத்துறது நல்லதில்ல."

மாமாவின் முகம் மாறியது. "ஒரு வருஷம்தானே மாப்ள. எங்கூட இருக்கட்டும். அப்புறம் நீங்க வந்து கூட்டிக்குங்க."

"ஒரு வருஷம் என்ன விட்டு இருந்தா அப்புறம் இதுங்க வராதுங்க மச்சான்." என்றார் அப்பா. "இரும்பு தாங்கும். பூச போட்டாலும் தாங்கும், போடாட்டியும் தாங்கும்."

"அத யாரு சொல்றது?" என்றார் மாமா. கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் கேட்டார்.

அப்பா எங்களைப் பார்த்தார். வீட்டுக்குப் பக்கத்தில் லயத்துப் பந்துத் திடல், அதற்கு இறங்குகிற புல் சரிவு. அப்பா ஜீப்பில் ஏறிப் பட்டையைக் கட்டிக்கொண்டார். ஓட்டிக் காட்டப்போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். சரிவின் விளிம்பு வரைக்கும் நேராகப் போனவர், அங்கே ஸ்டீயரிங்கை ஒரே வெட்டாக வெட்டினார். வண்டி பக்கவாட்டில் சாய்ந்தது, சக்கரங்கள் வானத்தைப் பார்த்தன, ஒரு முழுச் சுற்றுச் சுற்றித் திடலில் மறுபடியும் நான்கு சக்கரத்தில் வந்து விழுந்தது. மாமி அலறினார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். தம்பி கைதட்டினான்.

புல்லும் மண்ணும் அடங்கியபோது அப்பா உள்ளேயே உட்கார்ந்திருந்தார். கூண்டின் சாயம் ஒரு பக்கம் உரிந்திருந்தது, மற்றபடி ஒரு வளைவும் இல்லை. பட்டையை இடது கையால் அவிழ்த்துக்கொண்டு இறங்கினார். வலது தோள் கீழே தொங்கியது, காறை எலும்பு உடைந்திருந்தது. சிரித்துக்கொண்டே மேலே ஏறி வந்தார்.

"பாத்தீங்களா மச்சான்? ஒண்ணும் ஆவல. பாத்தீங்களா?"

"நானு, நானு" என்று ஜீப்பை நோக்கி ஓடிய தம்பியை மாமா எட்டிப் பிடித்துத் தூக்கி மார்போடு இறுக்கிக்கொண்டார்.

"மாப்ள, இத்தன நாளும் அந்த ஜீப்பப் பாத்துப் பயந்தேன்" என்றார் மாமா. "இப்ப உங்களப் பாத்துதான் பயமா இருக்கு."

அப்பாவின் சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. மணலை வறுத்த கதை, துக்கத்தில் சாயம் பூசிய கதை எல்லாம் மாமாவின் மனதில் அப்போது ஒன்றாகச் சேர்ந்திருக்கும். அதை அப்பாவால் எப்படி அழிக்க முடியும்? பயமா இருந்தா அனுப்பிடுறேன் என்று சொன்னது அவர்தான். உள்ளே போய் ஒரு கையால் எங்கள் துணிகளை எடுத்துப் பையில் திணித்தார். தம்பியின் சட்டைப் பொத்தானை இடது கையால் போட முயன்று முடியாமல், "நீ போட்டு விடும்மா" என்று என்னிடம் சொன்னார்.

எல்லாரும் மாமாவின் காரிலேயே போனோம். அப்பா முன்னால், நாங்கள் மாமியோடு பின்னால். வழியில் ஆஸ்பத்திரி வாசலில் அப்பாவை இறக்கி, மாமா அவரை உள்ளே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். கார் கிளம்பியபோது அப்பா திரும்பவும் வாசலுக்கு வந்து, பழக்கமில்லாத இடது கையைத் தூக்கிக் காட்டினார். பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டுப் போகும்போது காட்டுவது போலத்தான் காட்டினார்.

மாமா வீட்டில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அதைச் சொல்லாவிட்டால் நாக்கு அழுகிவிடும். நல்ல சாப்பாடு, நல்ல துணி, டியூஷன் எல்லாம் கிடைத்தது. அப்பா மலைப் பாரத்தைத் தனியாக இறக்கிக்கொண்டு, கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்தில் வந்து பார்த்துவிட்டுப் போவார். ஜீப்பில் வந்தால் தெருவில் எல்லாரும் பார்ப்பார்கள் என்று மாமி ஒருமுறை சொன்னதோடு சரி, அவர் அதை எடுத்து வரவில்லை.

துக்க வருடம் முடிந்தது. அடுத்த வாரமே வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். ஜீப்புக்குப் பூசை போட்டு, பானெட்டில் திருநீறும் சந்தனமும் பூசி, கூண்டில் ஒரு முழம் மல்லிகைச் சரம் சுற்றி, நசுங்கிய எலுமிச்சம்பழத் தோல் இன்னும் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டிருக்க, அப்பா வந்து நின்றார். "கூட்டிட்டுப் போக வந்திருக்கேன் மச்சான்" என்றார்.

மாமா மறுக்கவில்லை. வாசலுக்கு வந்து, கூண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எங்கள் பக்கம் திரும்பினார். "அப்பா வந்திருக்காரு. போறீங்களா?"

தம்பி மாமியின் புடவைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். மாமியை அவன் அம்மா என்று கூப்பிடத் தொடங்கி வெகுநாள் ஆகியிருந்தது. அப்பா குனிந்து, "வாடா, ஜீப்ல போலாம்" என்றார். "மாட்டேம்மா, மாட்டேம்மா" என்று அவன் மாமியைக் கட்டிக்கொண்டு அழுதான். தம்பியை விட்டு நான் மட்டும் போவதா என்று எனக்கும் அழுகை வந்தது. அப்பா இரண்டு பேர் தலையையும் தடவினார். "அழாதீங்க. சும்மா பாக்கத்தான் வந்தேன்" என்றார். தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனார். அவர் போன பிறகு மாமா கடைக்குப் போகாமல் அன்று முழுவதும் திண்டில் சாய்ந்து படுத்திருந்தார்.

கடைசிக் காலத்தில் அப்பா என்னிடம்தான் இருந்தார். மாமா போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகியிருந்தது. ஒரு சாயங்காலம் கால் அமுக்கிவிட்டுக்கொண்டிருந்தபோது, இத்தனை காலமும் கேட்காததைக் கேட்டேன். "ஏம்ப்பா அன்னிக்கு வண்டிய உருட்டுனீங்க? அப்படி உருட்டாம இருந்திருந்தா, மாமா கொஞ்சம் யோசிச்சிருப்பாரே?"

அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"மாமாவுக்குக் காட்டன்னு மட்டும் இல்லம்மா" என்றார். "தாங்குமா தாங்காதான்னு எனக்கே தெரியல. உங்கள உள்ள வச்சிக்கிட்டா அதத் தெரிஞ்சிக்க முடியும்?"

கையை எடுக்காமல் அமுக்கிக்கொண்டே, "தாங்குச்சேப்பா" என்றேன்.

"தாங்குச்சும்மா. நல்லாத்தான் தாங்குச்சு" என்றார் அப்பா. "ஏறத்தான் யாரும் இல்ல."